பொக்கற் சட்டையும் கோட்டை மானும்

1

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டுப் பல்கனிக் கொடியில் ஆமிச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நான் கடைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் பையோடு உள்ளே வந்தேன். வெளிச்சத்துக்கு எதிரே அந்தப் பச்சையும் மண்ணிறமும் தோளை ஆட்டியதைக் கண்டதுதான் தாமதம், பைகளைக் கீழே போட்டுவிட்டு என் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டேன். அடையாள அட்டையை எடுக்கத்தான். பைக்குள் இருந்த முட்டையெல்லாம் உடைந்து போயிற்று.

"அம்மா, என்ன தேடுறீங்கள்?" என்று கேட்டாள் சோபாவில் கிடந்த மகள் துளசி.

"ஐசி."

"ஆருக்குக் காட்ட?"

நான் பல்கனியைக் கை காட்டினேன். சேர்ட்டுக்கு என்று வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. துளசி என்னைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முட்டை ஒழுகிக் கம்பளத்தில் ஊறும் வரைக்கும் இரண்டு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தோம்.

இது எங்கள் ஊரில், திருகோணமலைப் பாலையூற்றில் நடந்த கதை அல்ல. சுவிற்சர்லாந்தில், பேர்ண் நகரில், நான் ஒழுங்காக வாடகை கட்டுகிற வீட்டில் நடந்தது. திருகோணமலையை விட்டு வந்த பிறகு இங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்து, என்னைவிட உயரமாக வளர்ந்தும் விட்டார்கள். என்னுடைய வலது கைக்குத்தான் இன்னும் ஒருவரும் தகவல் சொல்லவில்லை.

2

அந்தச் சட்டை என் மகன் அகிலனுடையது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும் பாடு. பாலையூற்றில் இருக்கும் என் அக்கா வசந்தி தொலைபேசியில் இரகசியக் குரலில்தான் கேட்டாள்.

"மகன் ஆமியிலயோ? எந்த ஆமியிலடி?"

"சுவிஸ் ஆமியில அக்கா."

"சுவிஸுக்கு ஆரோட சண்டை?"

"ஒருத்தரோடயும் இல்லை."

"பிறகென்னத்துக்கு?"

இங்கே குடியுரிமை உள்ள ஆண்பிள்ளைகளுக்கு வயது வந்ததும் ஆமிக்குக் கடிதம் வரும். நாங்கள் குடியுரிமை எடுத்தபோது, எந்த ஆறு எங்கே ஓடுகிறது, குப்பையை எந்தப் பையில் கட்ட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். நான் மனப்பாடம் பண்ணிப் படபடவென்று சொன்னேன். வெளியே வந்து எனக்கு நானே சபாஷ் போட்டேன். நான் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரேயொரு கேள்வி என் மண்டையில் உதிக்கவேயில்லை.

விருப்பமில்லாத பிள்ளைகள் வயோதிபர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்யலாம், அதற்கும் வழி இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. அகிலன் கேட்டால்தானே! "என்ர கூட்டாளியள் எல்லாரும் போறாங்கள் அம்மா. நான் மட்டும் என்னத்துக்கு வேற மாதிரி இருக்க?" என்றான். வேறு மாதிரி இருக்கக்கூடாது என்றுதான் நானும் அவனைப் பனிச்சறுக்குக்கும் கால்பந்துக்கும் கொண்டு திரிந்தேன். இப்போது யாரோடு கோபிக்க?

முதல் தடவை அவன் சீருடையில் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். தோளில் துவக்கு வேறு. இங்கே பயிற்சியில் இருக்கிற பொடியன்கள் விடுமுறைக்கு வரும்போது துவக்கோடுதான் றெயினில் வருவார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கிற மனுசி தலை நிமிராமல் பின்னல் பின்னிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்த எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வாங்கோ. இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றேன்.

"அம்மா, நான் அகிலன்."

"ஓம், தெரியும். இருங்கோ."

பெற்ற பிள்ளையை 'டேய்' என்று கூப்பிட வாய் வரவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிய பிறகுதான் வந்தது, அதுவும் பெரிய சத்தமாக வந்தது. ஏனென்றால் அவன் துவக்கைச் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டான்.

"எடடா அதை! சாமிக்குப் பக்கத்திலயோ வைக்கிறது?"

"முருகனும் வேல் வைச்சிருக்கிறார்தானே அம்மா?"

துவக்கு கடைசியில் அலுமாரிக்குப் பின்னால், தூசி உறிஞ்சும் மெசினுக்குப் பக்கத்தில் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு கிழமையும் வீடு கூட்டும்போது அந்த மெசினுக்கும் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது உடுப்புக் கழுவல். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழுவும் அறை. எங்கள் முறை புதன்கிழமை. ஞாயிறு கழுவவே கூடாது. அகிலனோ சனி வந்து ஞாயிறு பின்னேரம் திரும்புகிறான். இரண்டாம் மாடிக் கிழவியிடம் அவளுடைய சனிக்கிழமையைக் கேட்டுப் போனேன். துளசி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குச் சேலை கழுவக் கேட்டபோது கதவைச் சாத்தியவள் அவள். இந்த முறை, ஆமி உடுப்பு என்றதும் முகம் மலர்ந்து, சவர்க்காரத் தூளும் தந்து அனுப்பினாள். நான் படியில் நின்று யோசித்தேன். சேலைக்கு இல்லாத மரியாதை இந்தச் சட்டைக்கு எங்கிருந்து வருகிறது?

3

துளசி உடுப்புத் தைக்கும் தொழிலைப் படிக்கிறாள். கடைசி வருஷம். ஒருவரின் வாழ்க்கையை விசாரித்து, அவருக்கென்றே ஒரு உடுப்பு வடிவமைத்துத் தைத்து, அவர் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தோடு பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும். அதில் தவறினால் படிப்பு இன்னொரு வருஷம் இழுபடும். முட்டை உடைந்த அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்.

"அம்மா, என்ர வயசில நீங்கள் என்ன ஃபாஷன் போட்டனீங்கள்?"

"ஃபாஷனோ? எங்கட ஃபாஷனை முடிவெடுத்தது சென்றியில நிண்ட ஆமிக்காரன்" என்றேன் பகிடியாக.

சொன்ன பிறகுதான் அது பகிடி இல்லை என்று எனக்கே விளங்கியது. பாலையூற்றிலிருந்து ரவுணுக்குச் சைக்கிளில் போவோம். சோதனைச் சாவடிக்கு முன்னால் இறங்கி உருட்ட வேண்டும். குடையை மடக்க வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். ஆகவே தையல்கார அன்ரி எங்கள் பாவாடைகளுக்குப் பொக்கற் வைப்பதையே நிறுத்தினா. பொக்கற் இருந்தால் அதற்குள் என்ன என்று கேள்வி வரும். கொண்டை போட மாட்டோம், அவிழ்க்கச் சொல்வார்கள். வார் வைத்த செருப்பு வேண்டாம், கழற்ற நேரம் எடுக்கும். காய்ந்த இலை நிறத்தில் துணி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, இயக்கத்துச் சீருடை என்று பிடிப்பார்கள். அப்பாவுக்கு யாரோ கொடுத்த நல்ல சேர்ட் ஒன்றை, நிறம் சரியில்லை என்று அம்மா குசினிக்குப் பிடிதுணியாக வெட்டினா. ஒரேயொரு பொக்கற் மட்டும் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் இருந்தது. சட்டைக்கு உள்ளே, நெஞ்சில், அடையாள அட்டைக்கு.

துளசி சோற்றுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை கையைக் கழுவிவிட்டு வந்து தாளில் கீறத் தொடங்கினாள்.

"அம்மா, உங்களுக்கு நான் பொக்கற் தாறன்" என்றாள். "நிறையப் பொக்கற்!"

4

சட்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆமித் துணியில் இருக்கிற அதே திட்டுத்திட்டு வடிவம்தான். நிறம் மட்டும் ரோஸ், தோடம்பழச் செம்மஞ்சள், மாம்பழ மஞ்சள்.

"அவங்கட உடுப்பு ஒளியிறதுக்கு. இது ஒளியவே ஏலாத உடுப்பு" என்று துளசி விளக்கம் சொன்னாள்.

முழங்காலுக்குக் கீழே விரிந்து நிற்கும். இடுப்பில், தொடையில், முதுகில், கைமடிப்பில் எல்லாம் பொக்கற்றுகள். நெஞ்சில் மட்டும் ஒன்றும் இல்லை, வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தாள். அங்கே கை போனால் பிடிக்க ஒன்றும் இருக்காது, கொஞ்ச நாளில் கை தானாக மறந்துவிடும் என்பது அவளின் கணக்கு. ஒவ்வொரு பொக்கற்றுக்குள்ளும் ஒரு சாமான். ஒன்றில் சின்ன மணி, ஒன்றில் வண்ணக் காற்றாடி, ஒன்றில் கண்ணாடி வளையல், இன்னொன்றில் ஊதாத பலூன். சோதிக்கிறவனுக்கும் சிரிப்பு வர வேண்டுமாம்.

"படம் எங்க எடுக்கப் போறாய்?"

"திருகோணமலையில. நீங்கள் கையை நெஞ்சுக்குக் கொண்டு போகாமல் ஆமிக்காரனைத் தாண்டி நடக்க வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! ஆனால் ஆடி விடுமுறைக்கு ஊருக்குப் போக ஏற்கெனவே ரிக்கற் போட்டாயிற்று. நானும் சட்டையின் வடிவில் மயங்கி 'ஓம்' என்று சொல்லிவிட்டேன்.

பாலையூற்றில் சட்டையை விரித்துக் காட்டியதும் அத்தான் போய் யன்னலைச் சாத்தினார். அக்காவின் புருஷன், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமான மனுசன்.

"நிறத்தை மாத்தினாப்போல வடிவம் மாறுமோ? இந்த நாட்டில இப்பிடித் துணியைக் கண்டாலே கேள்வி. உங்களுக்கென்ன, நீங்கள் பிளேன் ஏறிப் போயிடுவீங்கள்."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதான், நாங்கள் பிளேன் ஏறிப் போனவர்கள்தான். சட்டையை மடிக்கத் தொடங்கினேன். துளசியின் முகம் வாடிப்போயிற்று. அப்போதுதான் குறிஞ்சாக்கேணியிலிருந்து றிஸானா வந்து இறங்கினாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். தொதல், மஸ்கற் என்று இனிப்புகள் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அல்லாவே, என்ன வடிவு! எனக்கும் இதுல ஒரு அபாயா தைச்சுத் தாங்க மகள்" என்று சட்டையைத் தூக்கித் தன்மீது வைத்துப் பார்த்தாள். பிறகு அத்தானை அண்ணன் முறையில் கூப்பிட்டாள். "என்ன நானா, பயப்படுறீங்க? இது மிட்டாய்க் கடைத் துணி மாதிரியெல்லோ கிடக்கு."

அத்தான் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார். அன்று பின்னேரம் முற்றத்தில் ஒத்திகை நடந்தது. றிஸானா விளக்குமாற்றைத் தோளில் சாத்திக்கொண்டு சென்றியாக நின்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கையை வீசி நடந்தேன். முதல் தரம் கை பாதி வழி எழும்பிற்று. "கையை இறக்குடி!" என்று சென்றியே கத்தியது. இரண்டாம் தரம் எழும்பவில்லை. பிறகு நான் ஆடிக்கொண்டே போனேன், அக்கா கைதட்டினாள், அத்தான் கிணற்றுக் கட்டில் இருந்து "அப்ப சரி, நாளைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போவம்" என்றார். றிஸானா தொதலில் ஒரு துண்டை வாழையிலையில் சுற்றி என் இடுப்புப் பொக்கற்றில் போட்டாள்.

5

ஊர் ஆட்களுக்குத் தெரியும், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி கோட்டைக்குள்ளால்தான். கோட்டைக்குள் ஆமி. சிவனைக் கும்பிட ஆமியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதை நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. கடலுக்குள்ளால் மீன் போகிற மாதிரி இயல்பான விஷயம். துளசிதான் வாசலில் நின்று கேட்டாள்.

"கோயிலுக்குப் போறவை எல்லாரும் இதுக்குள்ளாலயோ போகினம்?"

"ஓம், வேற வழி இல்லைத்தானே" என்றாள் அக்கா. பிறகு தானே ஒரு நிமிஷம் நின்று அந்த வாசலைப் பார்த்தாள்.

அத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், கமெரா வாசலைப் பார்க்கக்கூடாது. ஆகவே துளசி முன்னுக்குப் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி, ரோட்டால் வரும் எங்களைப் படம் பிடிக்க நின்றாள். வாசலில் காவலுக்கு ஒரு ஆமிப் பொடியன் நின்றான். பின்னால் அக்கா, அத்தான், றிஸானா மூவரும் வரிசையாக வந்தார்கள். கோயிலுக்குள் வர மாட்டேன், ஆனால் இந்தக் கூத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகவும் மாட்டேன் என்று றிஸானா வந்திருந்தாள்.

நான் நடந்தேன். காற்றில் ரோஸும் மஞ்சளும் படபடத்தன. பொக்கற்றுக்குள் மணி கிலுங்கியது. ஓட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. கை இரண்டும் காற்றில் வீசுகின்றன, நெஞ்சுக்குப் போகவில்லை, நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தபோதுதான் அந்தப் பொடியன் திரும்பி என்னைப் பார்த்தான்.

பார்த்தான், அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை.

என் கால் நின்றுவிட்டது. கை நெஞ்சுக்குப் போகவில்லை, அதற்குப் பதிலாக இடுப்புக்குப் போயிற்று. முதல் பொக்கற்றைத் திறந்து மணியை எடுத்துக் காட்டினேன். அடுத்ததைத் திறந்து வளையலைக் காட்டினேன். காற்றாடியை எடுத்து நிலத்தில் வைத்தேன். பலூனை எடுத்துக் குலுக்கி உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினேன். தலை குனிந்து, ஒரு ஒழுங்கோடு, நான் பதினெட்டு வயதில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டின மாதிரியே. யாரோ என் கையைப் பிடித்து நடத்துவது போல் இருந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. அவமானமாக இருந்தது. துளசியின் பரீட்சையை நாசமாக்கிவிட்டேன்.

"மொக்கத அம்மே?" என்றான் பொடியன் சிங்களத்தில். என்னம்மா இது என்று. குரலில் அதட்டல் இல்லை, திகைப்புத்தான். நிமிர்ந்து பார்த்தேன். அகிலனின் வயதுதான் இருக்கும். அகிலனைப் போலவே காதடியில் சவரம் செய்த வெட்டுக் காயம். ஐயோ, என் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மான் வந்தது. எங்கள் ஊரில் மான்கள் ரோட்டில் மாடுகளைப் போலத் திரியும். கொம்பு வைத்த ஒன்று மரத்தடியிலிருந்து எழும்பி, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் வந்து, என் இடுப்புப் பொக்கற்றுக்குள் மூக்கை விட்டது. நான் "ஐயோ!" என்று துள்ளினேன். அது வாழையிலையோடு தொதலை இழுத்து எடுத்து, நின்று நிதானமாகச் சப்பியது. அந்த வாசலில் அன்றைக்கு என்னைச் சோதனை போட்டது அந்த மான் மட்டும்தான்.

பொடியன் துவக்கைத் தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து அவனுக்குத் தொப்பி சரிந்தது. "யன்ன அம்மே, யன்ன" என்று கையைக் காட்டினான். போங்கோ அம்மா, போங்கோ.

6

கோயிலுக்கு வெளியே வீதியில் கடலைப் பார்த்தபடி இருந்தபோது, நான் துளசியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பிழைச்சுப் போச்சு பிள்ளை. நான் சோதனை காட்டத் தொடங்கிட்டன்."

அவள் கமெராவைத் தந்தாள்.

படத்தில் முன்னால் நான், பலூனை நீட்டிக் காட்டியபடி நிற்கிறேன். மான் என் இடுப்பில் மூக்கை வைத்திருக்கிறது. எனக்குப் பின்னால் அக்கா, அத்தான், இருவரும் வரிசையாக. அக்காவின் கையில் அடையாள அட்டை. அத்தான் தன்னுடையதைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்திருக்கிறார், வாசிக்க வசதியாக. கூத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வந்த றிஸானாவுமா என்று தேடினேன். ஓம், அவளும்தான். அட்டையை நீட்டியபடி சிரிக்கிறாள்.

பொடியன் துளசிக்குப் பக்கத்தில் நின்றதால் படத்தில் விழவில்லை. படத்தில் ஆமிக்காரனே இல்லை. நடுத்தர வயதைத் தாண்டின நாலு மனுசர், வெறும் காற்றுக்குப் பரிசோதனை கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கமெரா கைக்குக் கை மாறியது. முதலில் அக்கா சிரித்தாள். பிறகு அத்தான், "நான் எப்ப எடுத்தனான்? நான் எடுக்கேல்லையே!" என்று சத்தியம் பண்ணினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கச்சான் கடலை விற்ற மனுசியும் வந்து பார்த்துச் சிரித்தது. பிறகு ஒரேயடியாக எல்லோரும் நிறுத்தினோம்.

"அவன் கேக்கவேயில்லையே" என்றாள் றிஸானா. "கேக்காமலே ஏன்டி நீட்டினம்?"

"இந்தப் படத்தைத்தான் குடுக்கப் போறன்" என்றாள் துளசி.

7

குடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து படத்தை நெடுநேரம் பார்த்தார்களாம். ஒரு அம்மா, இவர்கள் யாருக்குக் காட்டுகிறார்கள் என்று கேட்டாவாம். "ஒருத்தருக்கும் இல்லை, அதுதான் விஷயம்" என்று துளசி சொன்னாளாம். தேறிவிட்டாள். நான் கட்டடத்துக்கே மஸ்கற் கொடுத்தேன், இரண்டாம் மாடிக் கிழவிக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து துளசி செய்த முதல் வேலை, சட்டையில் ஒரு திருத்தம். நெஞ்சில் ஒரு பொக்கற் வைத்தாள். சட்டைக்கு மட்டும் இல்லை. என் வேலை உடுப்பு, குளிருக்குப் போடுகிற சுவெற்றர், வீட்டில் போடுகிற பழைய கவுண், எல்லாவற்றிலும் ஒன்று.

"வெறுமையா விட்டது என்ர பிழை அம்மா. உங்கட கை அங்க போகத்தான் போகும். போகட்டும்" என்றாள்.

போன சனிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. நான் குசினியில் நின்றேன், கதவைத் திறந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு சீருடை, தொப்பி, தோளில் துவக்கு. கை என்னைக் கேட்கவில்லை, நெஞ்சுக்குப் போய்விட்டது. போன இடத்தில் பொக்கற் இருந்தது. பொக்கற்றுக்குள் துளசி போட்டுவைத்த, கடதாசியில் சுற்றின புளி டொபி இருந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

அகிலன் அதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். இரண்டு கையிலும் பை என்றபடியால் குனிந்து வாயைத் திறந்தான்.

"உள்ளுக்கு வாடா" என்றேன்.